மணிச் சத்தம் கேட்டால் எச்சில் ஊறுவது ஏன்? குணம் பிறவியில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா? பாவ்லோவ் கண்டுபிடித்தது இதுதான்!

எலுமிச்சம்பழத்தை நறுக்குவதைப் பார்த்தாலே நமக்கு எச்சில் ஊறும். பல் கிளினிக்கில் மெஷின் சத்தம் கேட்டாலே உடம்பு கூசும். பழம் இன்னும் வாய்க்குப் போகவில்லை, மெஷினும் பல்லைத் தொடவில்லை. அப்புறம் ஏன் உடம்பு முந்திக்கொள்கிறது?

இதற்கு லேபில் வைத்து விடை தேடியவர் ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு ஆக்கநிலையுறுத்தல் என்றதும் இவர் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நாய், மணி, எச்சில் என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. ஒருவரின் குணத்தை எது தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு அவர் கடைசி காலம் வரை விடை தேடினார். அந்தத் தேடலில் தன் கருத்தையே மாற்றிக்கொள்ளவும் செய்தார்.

பாதிரியார் மகன் விஞ்ஞானி ஆனது எப்படி?

1849ல் ரஷ்யாவின் ரியாசான் நகரில் பிறந்தவர் பாவ்லோவ். அப்பா தேவாலயப் பாதிரியார். சின்ன வயதில் உயரத்தில் இருந்து விழுந்து பலமாக அடிபட்டதால், 11 வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். மகனும் பாதிரியார் ஆவான் என்றுதான் குடும்பம் நினைத்தது. அவரும் இறையியல் பள்ளியில் சேர்ந்தார்.

அந்த நாட்களில் இவான் செச்சினோவ் என்ற விஞ்ஞானியின் எழுத்து அவரைப் பிடித்துக்கொண்டது. மனிதனின் எண்ணம், செயல் எல்லாவற்றையும் மூளையின் அனிச்சைச் செயல்களாக ஆராய முடியும் என்பது செச்சினோவின் வாதம். 1870ல் இறையியலை விட்டுவிட்டு, அறிவியல் படிக்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கிளம்பிவிட்டார் பாவ்லோவ்.

நோபல் பரிசு கிடைத்தது நாய் ஆராய்ச்சிக்கா?

நாயை வைத்துத்தான், ஆனால் மணிக்காக இல்லை. உணவு எப்படி ஜீரணமாகிறது என்ற ஆராய்ச்சிக்காக 1904ல் அவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. ரஷ்யாவுக்குக் கிடைத்த முதல் நோபல் பரிசு அது.

அந்த ஆராய்ச்சியின்போது ஒரு தொல்லை இருந்தது. உணவைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே, அதைக் கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தத்துக்கே நாய்களுக்கு எச்சில் ஊறிவிடும். மற்றவர்கள் ஒதுக்கித் தள்ளியிருக்கக்கூடிய இந்த விஷயத்தைத்தான் பாவ்லோவ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சின்ன ஆபரேஷன் மூலம் உமிழ்நீர்க் குழாயைக் கன்னத்துக்கு வெளியே திருப்பி, ஊறும் எச்சிலைச் சொட்டுச் சொட்டாக எண்ணினார்.

மணி மட்டும்தான் அடித்தார் என்று நினைக்க வேண்டாம். மெட்ரோனோம், பஸ்ஸர், விளக்கு வெளிச்சம், தோலில் லேசான தொடுதல் எனப் பலவற்றைப் பயன்படுத்தினார். உணவுக்குச் சற்று முன்னால் இதில் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், நாளடைவில் அது மட்டுமே எச்சிலை வரவழைக்கப் போதும்.

பழக்கம் அழியுமா?

மெட்ரோனோம் சத்தம் மட்டும் வருகிறது, உணவு வரவே இல்லை என்றால்? எச்சில் குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். சரி, அழிந்துவிட்டது என்று நினைத்தால் அதுதான் இல்லை. கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி சத்தம் எழுப்பினால் எச்சில் திரும்ப வரும். பழக்கம் அடங்கியிருக்கிறதே தவிர, முழுசாகத் துடைக்கப்படவில்லை. விட்ட பழக்கம் ஒருநாள் திடீரென எட்டிப் பார்ப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

சாதுவான நாய் மூர்க்கமானது ஏன்?

1914ல் அவரது லேபில் ஒரு பரிசோதனை நடந்தது. வட்டத்தைக் காட்டினால் உணவு உண்டு, நீள்வட்டத்தைக் காட்டினால் கிடையாது. நாய் இதைச் சுலபமாகக் கற்றுக்கொண்டது. பிறகு நீள்வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் போலவே மாற்றினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத கட்டம் வந்ததும், அதுவரை அமைதியாக நின்ற நாய் குரைத்தது, துள்ளியது, கருவிகளைக் கடித்தது. முன்பு சுலபமாகச் செய்ததையும் மறந்துபோனது.

1924 செப்டம்பரில் லெனின்கிராடில் பெரும் வெள்ளம். கூண்டுகளில் தண்ணீர் ஏறி, நாய்களை நீந்தவைத்துத்தான் காப்பாற்ற முடிந்தது. உயிர் பிழைத்தாலும், சில நாய்கள் கற்றதையெல்லாம் இழந்திருந்தன. தேறி வந்த பிறகும், அறைக்குள் தண்ணீர் கசிவதைப் பார்த்தாலே மறுபடி நிலைகுலைந்தன. ஆனால் எல்லா நாய்களுக்கும் இப்படி ஆகவில்லை. அதே வெள்ளம், ஆனால் பாதிப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

கோழைத்தனம் பிறவிக் குணமா?

பயந்து நடுங்கும் நாய்களைப் பார்த்தால், பிறவியிலேயே பலவீனமான நரம்பு மண்டலம் என்றுதான் பாவ்லோவ் முதலில் நினைத்தார். பிறகு கோல்டுஷி கிராமத்தில் இருந்த ஆய்வு மையத்தில் நாய்க்குட்டிகளை இரண்டாகப் பிரித்தார்கள். சில குட்டிகள் சுதந்திரமாக ஓடியாடி வளர்ந்தன. மற்றவை கூண்டுக்குள்ளேயே வளர்ந்தன. கூண்டில் வளர்ந்தவை பெரிதான பிறகும் புது இடம், புது சத்தம் எதைக் கண்டாலும் பதுங்கின. நரம்பு வலுவாக இருந்த நாயும், வளர்ப்பால் கோழையாகத் தெரியலாம் என்று பாவ்லோவ் ஒப்புக்கொண்டார்.

கருத்தை மாற்றியது இது ஒன்றில் மட்டுமல்ல. எலிகள் கற்ற பழக்கம் அவற்றின் குட்டிகளுக்கும் பரம்பரையாக வருகிறது என்று 1923ல் அறிவித்தவர், பரிசோதனையில் கோளாறு இருந்தது தெரிந்ததும் அதை வெளிப்படையாக வாபஸ் வாங்கினார்.

அரசையும் கேள்வி கேட்டவர்

ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய பஞ்சத்தில் 1920ல் நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டார். அவரை இழக்க விரும்பாத லெனின், 1921ல் சிறப்பு ஆணை போட்டு ஆய்வுக்கு வசதிகள் செய்து கொடுத்தார். அதற்காகப் பாவ்லோவ் வாயை மூடிக்கொள்ளவில்லை. பாதிரியார்களின் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் இருந்து நீக்கப்பட்டபோது, தானும் பாதிரியார் மகன்தான் என்று பேராசிரியர் பதவியை உதறினார். 1934ல் மக்களைப் பயமுறுத்தி ஆள்வதைக் கண்டித்து அரசுக்கே கடிதம் எழுதினார்.

அவரது ஆய்வுகளில் ஏராளமான நாய்கள் துன்பப்பட்டன, பல செத்தும் போயின. இன்று அப்படிச் செய்ய விதிகள் அனுமதிக்காது. தன் ஆராய்ச்சிக்கு உதவிய நாய்க்கு 1935ல் நினைவுச் சின்னம் வைக்கச் செய்தார். 1936 பிப்ரவரி 27ல் நிமோனியாவால் காலமானார். அப்போது வயது 86.

நமக்கு என்ன சொல்கிறது?

பிறவி, வளர்ப்பு, வாழ்க்கையில் பட்ட அடி, தினமும் நம்மைச் சுற்றி நடப்பது என எல்லாம் சேர்ந்துதான் குணம். எந்தச் சத்தம், எந்த இடம் பழக்கத்தைத் தூண்டுகிறது என்று தெரிந்தால் அதை மாற்றவும் வழி உண்டு. பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிப் போக்கும் இன்றைய மனநல சிகிச்சைக்கும் இந்தக் கண்டுபிடிப்புதான் ஒரு அடிப்படை.

ஒரு பிள்ளை புது ஆளைப் பார்த்ததும் ஒளிந்துகொண்டால், அது அவன் பிறவிக் குணம் என்று சட்டென முத்திரை குத்திவிடுகிறோம். அவன் இதுவரை எப்படி வளர்ந்தான், எதைப் பார்த்துப் பயந்தான் என்று முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது.