நவாநகர் ஜாம் சாகேபும் போலந்துக் குழந்தைகளும்

நாஜிகளின் கையிலிருந்து யூதக் குழந்தைகளை மீட்டவர்களின் கதை அவ்வப்போது திரைப்படமாக வெளிவந்து, கோவில்பட்டி போன்ற கரிசல் நகரங்களின் இளைஞரையும் கண்கலங்கச் செய்கிறது. 1939இல் பிராக் நகரிலிருந்து 669 குழந்தைகளை ரயிலேற்றி இங்கிலாந்துக்கு வரவழைத்த நிக்கலஸ் விண்டனின் சரிதம் 2023இல் படமாயிற்று. நன்று. ஆனால் அந்த யுத்தத்திலேயே தாய்தந்தையரை இழந்து வந்த ஐரோப்பியக் குழந்தைகளுக்கு நமது தேசத்தில் வீடளித்த ஒருவர் உண்டென்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்? அவரே நவாநகர் சமஸ்தானாதிபதி ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி.

சுதேச மன்னர் என்றதும் நமது பக்கத்துத் தேசபக்தர்கள் முகஞ்சுளிப்பது இயல்பே. பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிராக எட்டயபுரம் பாளையம் கும்பினியார் பக்கம் நின்றதையும், 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதையும் மறவாத பூமி இது. ஜாம் சாகேபும் ஆங்கிலேய ஆட்சியோடு நன்கு இணங்கியிருந்தவர்தாம். அதை மறைத்து அவரது சரிதத்தை எழுதுதல் நேர்மையாகாது.

அவர் 1895ஆம் வருஷம் செப்டம்பர் 18ஆம் தேதி காத்தியவாரில் பிறந்தார். கிரிக்கெட் ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்ற ரஞ்சித்சிங்ஜி அவரைச் சுவீகாரம் செய்துகொண்ட தந்தை. ராஜ்கோட்டிலும் இங்கிலாந்திலும் கல்வி கற்றார், பிரிட்டிஷ் சேனையில் அதிகாரியாக இருந்தார், 1933இல் பட்டமேறினார். ரஞ்சித்சிங்ஜி சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாக ஜினீவா சென்ற காலத்தில், போலந்தின் சங்கீத மேதையும் ராஜதந்திரியுமான பாதெரெவ்ஸ்கியின் பழக்கம் அக்குடும்பத்துக்கு ஏற்பட்டது. அந்நாட்டின் மீது இவருக்குப் பற்று விழுந்தது அங்கேதான் என்பர்.

1937 முதல் அவர் நரேந்திர மண்டலத்தின் சான்ஸலர். 1942இல் நம்மவரான சர் ஏ. ராமசாமி முதலியாருடன் லண்டன் யுத்த மந்திரி சபைக்கு இந்தியப் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார். காந்தியடிகள் சிறைப்பட்டதும், நமது ஜில்லாவின் குலசேகரன்பட்டினத்து வாலிபர்கள் தூக்குமேடையை எதிர்நோக்கும்படியான வழக்குக்கு வித்திட்ட சம்பவம் நிகழ்ந்ததும் அதே வருஷந்தான். ஒரே வருஷத்தில் இந்தியர் இருவகைப்பட்டு நின்றனர். ஜாம் சாகேப் நின்ற வரிசை நமது வரிசை அன்று.

ஆயினும் அதே 1942இல் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள்.

1939 செப்டம்பரில் ஹிட்லர் மேற்கிலிருந்தும் ஸ்டாலின் கிழக்கிலிருந்தும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டனர். கிழக்குப் பகுதிக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் கடத்தப்பட்டன. பெற்றோர் பலர் பசியாலும் நோயாலும் மாண்டனர். 1941இல் ஜெர்மனி ருஷ்யாவைத் தாக்கிய பின்னரே எஞ்சியோர்க்கு விடுதலை கிட்டிற்று. அவ்வனாதைக் குழந்தைகளுக்கு இடமளிக்க ஜாம் சாகேப் முன்வந்தார்.

இவ்விடத்தில் ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். துறைமுகந்தோறும் விரட்டப்பட்ட கப்பலொன்று கடைசியில் ஜாம்நகரில் கரை சேர்ந்ததென்று ஒரு கதை உலவுகிறது. உண்மையில் குழந்தைகள் அஷ்காபாத்திலிருந்து லாரிகளில் ஏறி, பாரசீகத்து மெஷெத், ஸாகெதான் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து குவெட்டாவை அடைந்து, பம்பாய் வந்து சேர்ந்தவர்கள். எல்லோரும் யூதர் என்பதும் சரியன்று. பெரும்பாலோர் கத்தோலிக்கர், யூதச் சிறுவர் சிலரே. உண்மையே போதிய அளவு பெரிதாயிருக்க, கதையைப் பெருக்குவானேன்?

ஜாம்நகரை அடுத்துக் கடலோரத்தில் பாலாசடி என்னும் கிராமம் இருக்கிறது. நமது கரிசலைப் போலவே பருத்தியும் நிலக்கடலையும் விளையும் சீமை அது. அங்கே தமது வேனிற்கால அரண்மனையின் பக்கத்தில் விடுதிகள் கட்டுவித்தார். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம், வழிபாட்டு இடம், மருத்துவ வசதி யாவும் அமைந்தன. செலவில் சக மன்னர்களையும் பங்குகொள்ளச் செய்தார். பிறர் மதத்துக்கோ பாஷைக்கோ இழுக்காமல், போலந்துக் குழந்தைகளாகவே வளர விட்டார் என்பதை நாம் தனியே குறிப்பிட விரும்புகிறோம். தருமம் செய்வோர் பலர் அதற்கு விலை கேட்பர். இனி நீங்கள் அனாதைகளல்லர், நவாநகர் மக்களுக்குப் போல உங்களுக்கும் நானே தந்தை என்று அவர்களிடம் சொன்னாராம். அவர்கள் ‘பாபு’ என்றே அழைத்தனர். கீரை பிடிக்கவில்லையென்று சிறுவர்கள் சாப்பாட்டைப் பகிஷ்கரித்தபோது, கீரை சமைப்பதை நிறுத்தும்படி உத்தரவிட்டாராம். சத்தியாக்கிரகத்துக்கு அவர் இணங்கிய சந்தர்ப்பம் இது ஒன்றே போலும்!

அந்த ஆகஸ்டில்தான் வார்ஸாவில் டாக்டர் கோர்ச்சாக் தமது விடுதியின் யூதக் குழந்தைகளோடு திரெப்லிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அதற்குச் சில வாரங்கள் முன்னர் அக்குழந்தைகள் தாகூரின் ‘டாக் கர்’ நாடகத்தை நடித்திருந்தனர். டெஹரானிலிருந்து யூதக் குழந்தைகள் பல நூற்றுவர் 1943 தொடக்கத்தில் கராச்சி வழியாகக் கப்பலேறிப் பாலஸ்தீனம் சேர்ந்தனர்.

பாலாசடி முகாம் 1946இல் மூடப்பட்டது; சிறுவர் கோலாப்பூரையடுத்த வலிவடே முகாமுக்கு மாற்றப்பட்டனர். மறு வருஷம் அண்டையிலுள்ள ஜூனாகட் நவாபு பாகிஸ்தானில் சேர்ந்தபோது ஜாம் சாகேப் இந்தியாவின் பக்கம் உறுதியாக நின்றார். 1948இல் சௌராஷ்டிர ஐக்கியத்தின் ராஜப்பிரமுகரானார். 1966 பிப்ரவரி 3ஆம் தேதி பம்பாயில் காலமானார்.

கைம்மாறாக என்ன வேண்டுமென்று போலந்துத் தலைவர் கேட்டபோது, விடுதலை பெற்ற போலந்தில் ஒரு தெருவுக்குத் தமது பெயரை இட்டால் போதுமென்றார் என்பது வழக்கு. கம்யூனிஸ்டு ஆட்சி நீங்கும்வரை அது நடக்கவில்லை. வார்ஸாவில் ஒரு பள்ளி 1999இல் அவர் பெயரை ஏற்றது. அந்நகரின் ஒகோட்டா பகுதியில் ‘நல்ல மகாராஜா’ சதுக்கம் இன்று இருக்கிறது. பாலாசடியில் குழந்தைகள் வாழ்ந்த இடத்தில் சைனிக் பள்ளி நடைபெறுகிறது.