குனிந்து நடந்த நெட்டையன் நிமிர்ந்த கதை



போன மாதம் ஒரு சனிக்கிழமை. நம் இயக்கத்தின் கூடைப்பந்துப் பயிற்சி முடிந்து, பந்துகளை எல்லாம் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி பக்கத்தில் வந்து நின்றான். எஸ்.பி.எம். முடித்தவன். எங்கள் கூட்டத்திலேயே அவன்தான் உயரம். வாசல் நிலையில் தலை இடிக்குமே என்று குனிந்து குனிந்து பழகி, இப்போது வெட்டவெளியிலும் குனிந்தே நடக்கிறான். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாம். ஆனால் அங்கே கூடைப்பந்து அணித் தேர்வுக்குப் பேர் கொடுக்கப் போவதில்லையாம். இனிமேல் இங்கேயும் வரமாட்டேன் அண்ணா என்றான். ஏன்டா என்று கேட்டேன். உயரம்தான் இருக்கு, கால் நான் சொல்றத கேக்க மாட்டேங்குது, எல்லாரும் சிரிக்கிறாங்க என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால், பதினாறு வயதில் நானும் இதே காரணத்துக்காகத்தான் விட்டேன். நானும் நெட்டை. போதாததற்குக் கண்ணாடி வேறு. பள்ளித் தேர்வு ஆட்டத்தில் கண்ணாடி கீழே விழுந்து, அதைத் தேடி நான் தரையில் தடவியபோது திடலே சிரித்தது. அன்று வீட்டுக்குப் போனவன், திரும்பப் பந்தைத் தொடவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் என் வீட்டுக்கு வரவும் இல்லை.

அந்தத் தம்பியை உட்காரவைத்து நான் சொன்ன கதை இது. கதை என்றால் கட்டுக்கதை அல்ல. வாழ்ந்து மறைந்த ஒரு மனிதனின் வாழ்க்கை. அவர் பெயர் ஜோர்ஜ் மைக்கன்.

1924-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் பிறந்தார். சிக்காகோ நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கும் தொழில் ஊர் அது. குரோஷிய வம்சாவளிக் குடும்பம். உணவுக்கடையும் மதுக்கடையும் சேர்ந்த ஒரு கடைதான் அவர்கள் பிழைப்பு. பையன் வளர்ந்தான், வளர்ந்துகொண்டே போனான். சிறு வயதில் முழங்கால் மோசமாக உடைந்து, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு படுக்கையில் கிடந்தான். எழுந்து நடந்தபோது கால்கள் இன்னும் நீண்டிருந்தன, ஆனால் லாவகம் வரவில்லை. கண் பார்வையும் மங்கல். தடித்த கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவரைக்கூடச் சரியாகத் தெரியாது.

உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து அணிக்கு முயன்று பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினான். கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்ப்பதைப் பயிற்றுநர் கவனித்துவிட்டார். கண்ணாடி போடுகிற பையனுக்கு இந்த ஆட்டம் சரிப்படாது என்று அனுப்பிவிட்டார். மைக்கனுக்கு அப்போது வேறு ஆசைகளும் இருந்தன. பியானோ கற்றான். கத்தோலிக்கப் பாதிரியாராக வேண்டும் என்று எண்ணி, சிக்காகோவில் குவிக்லி என்ற குருமடப் பள்ளியிலும் படித்தான். பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, அதே நகரத்தில் உள்ள டிபோல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான்.

அங்கிருந்தபடியே, கூடைப்பந்துக்குப் பேர்போன நோட்ர டாம் பல்கலைக்கழகத்திலும் ஒரு தேர்வுக்குப் போய்வந்தான். பாதத்தில் எலும்பு முறிந்திருந்தது. அந்தக் காலோடுதான் ஆடினான். பந்து கைக்கு நிற்கவில்லை, கால் தடுக்கியது. அங்கிருந்த பெரிய பயிற்றுநர், திரும்ப டிபோலுக்கே போய் நன்றாகப் படி தம்பி என்ற பொருளில் புத்தி சொல்லி அனுப்பினார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி, தம்பியின் முகத்தைப் பார்த்தேன். தலையைத் தொங்கப் போட்டிருந்தவன் நிமிர்ந்திருந்தான்.

நோட்ர டாமில் அப்போது துணைப் பயிற்றுநராக இருந்தவர் ரே மெயர். 1942-இல் அவர் டிபோலுக்குத் தலைமைப் பயிற்றுநராக வந்தார். வயது 28. புது வேலை, தோற்றால் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர் வேகமாக ஓடக்கூடிய நாலு பேரைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவரோ இந்தத் தடுமாறுகிற நெட்டையனைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் மிக உயரமானவர்கள் இந்த ஆட்டத்துக்கு லாயக்கில்லை, அவர்களால் திரும்பி ஓட முடியாது என்பதுதான் பொதுவான கருத்து. மெயர் அதை ஏற்கவில்லை. கற்றுக்கொடுக்காததால் தெரியவில்லை, முடியாததால் அல்ல என்று நினைத்தார்.

போட்டிக் காலம் தொடங்குமுன் அவர் கொடுத்த பயிற்சியைக் கேளுங்கள். தினமும் கயிறு தாண்ட வேண்டும். குத்துச்சண்டைக்காரன் மாதிரி நிழலோடு குத்தி, கால் மாற்றி மாற்றி நகர வேண்டும். குள்ளமான, வேகமான ஒரு ஆட்டக்காரனை விரட்டி விரட்டித் தடுக்க வேண்டும். அது போதாதென்று, காலுக்குத் தாளம் பழக வேண்டும் என்று ஒரு கல்லூரி மாணவியிடம் நடனம் கற்றுக்கொள்ளவும் அனுப்பினார். இவ்வளவு பெரிய ஆள் நடன வகுப்பில் நின்றால் சிரிக்காமல் இருப்பார்களா? மைக்கன் நின்றார்.

அப்புறம் வளையத்தின் கீழே வேலை. வலப்பக்கம் நின்று வலக்கையால் போடு. பந்து வலையிலிருந்து தரையில் விழுமுன் பிடி. ஒரு எட்டு வைத்து இடப்பக்கம் வா, இடக்கையால் போடு. மறுபடி பிடி, மறுபடி வலம். பந்து முகத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. இப்படி நிறுத்தாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதோடு ஹூக் ஷாட். அதாவது வளையத்துக்குப் பக்கவாட்டில் நின்று, கையைத் தலைக்கு மேலே அரைவட்டமாக வீசிப் போடுவது. இரண்டு கையாலும் நூற்றுக்கணக்கில், ஒவ்வொரு நாளும். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயிற்றுநர்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த வளையப் பயிற்சிக்கு மைக்கன் பயிற்சி என்றுதான் பெயர்.

நம் பெரியவர்கள் இதை அப்பியாசம் என்பார்கள். அலைபாயும் மனதை அடக்குவது எப்படி என்று அர்ஜுனன் திகைத்தபோது, கண்ணன் காட்டிய இரண்டு வழிகளில் ஒன்று அது, மற்றது வைராக்கியம். மனதுக்குச் சொன்ன மருந்து காலுக்கும் கைக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். மைக்கன் வேறு சமயத்தைச் சேர்ந்தவர், கீதை படித்தவர் என்று சொல்லவரவில்லை. உழைப்புக்குச் சமயம் கிடையாது.

பலன் வந்தது. மெயரின் முதல் ஆண்டிலேயே டிபோல், தேசியக் கல்லூரிப் போட்டியில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்தது. எதிரணி எறிந்த பந்து வளையத்துக்குள் இறங்கும்போதே மைக்கன் எட்டித் தட்டிவிடுவார். ஓக்லஹோமாவில் பாப் கர்லண்ட் என்ற ஏழடி மனிதரும் அதையே செய்தார். கடைசியில் 1944-இல் கல்லூரிப் போட்டிகளின் விதியையே மாற்றினார்கள். கீழிறங்கும் பந்தைத் தொடக் கூடாது என்றார்கள். அதோடு மைக்கன் கதை முடிந்தது என்று பலர் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் வெறும் உயரத்தை மட்டும் நம்பி அவர் ஆடவில்லையே.

1945-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் என்.ஐ.டி. போட்டி. மூன்று ஆட்டங்களில் மைக்கன் 120 புள்ளிகள் எடுத்தார். அரையிறுதியில் ரோட் ஐலண்ட் அணியை டிபோல் 97-53 என்று வென்றது. அதில் மைக்கன் எடுத்தது 53. எதிரணி முழுவதும் சேர்ந்து எடுத்ததை அவர் ஒருவரே எடுத்தார். கோப்பையும் டிபோலுக்கே.

ஆனால் தம்பி, இதையும் கேள் என்றேன். சில நாள் கழித்து, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி திரட்ட ஒரு ஆட்டம். எதிரே கர்லண்டின் அணி. மைக்கன் 14 நிமிடத்திலேயே ஐந்து ஃபவுல் வாங்கி, 9 புள்ளிகளோடு வெளியே உட்கார்ந்தார். டிபோல் 44-52 என்று தோற்றது. 53 எடுத்தவனும் 9 எடுத்தவனும் ஒரே ஆள்தான். அவர் ஓடிப்போகவில்லை. அடுத்த ஆண்டும் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவரே.

பிறகு தொழில்முறை ஆட்டம். மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில், 99-ஆம் எண் சட்டையில், 6 அடி 10 அங்குல உயரத்தில், அதே தடித்த கண்ணாடியோடு ஆடினார். 1949 முதல் 1954 வரை ஆறு பருவங்களில் ஐந்து முறை அந்த அணி வாகை சூடியது. அவரைக் கட்டுப்படுத்த, வளையத்தின் முன்னால் கோடு போட்டு அடைத்த பகுதியை 1951-இல் 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினார்கள். 1950 நவம்பரில் ஃபோர்ட் வேய்ன் அணி, பந்து மைக்கன் கைக்கே போகாதபடி வெறுமனே பிடித்துக்கொண்டு நின்று 19-18 என்று வென்றது. இப்படிப்பட்ட ஆட்டங்களால் சலித்துப்போய்த்தான், 24 விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி 1954-இல் வந்தது. 1950-இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில், அந்த அரை நூற்றாண்டின் தலைசிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரராக அவர் தேர்வானார். இதற்கிடையில் சட்டமும் படித்து முடித்து வழக்கறிஞர் ஆனார். பந்து இருக்கிறதே என்று படிப்பை விடவில்லை; தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசிக் காலம் சுகமாக இல்லை. நீரிழிவு நோய் வந்தது. 2000-இல் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. கயிறு தாண்டிப் பழகிய கால், நடனம் கற்ற கால். சிறுநீரகமும் பழுதாகி, இரத்தச் சுத்திகரிப்பில் வாழ்ந்தார். அந்த நிலையிலும், தன்னைப்போல் ஆரம்ப காலத்தில் ஆடி, ஓய்வூதியம் சரியாகக் கிடைக்காமல் தவித்த பழைய ஆட்டக்காரர்களுக்காகக் குரல் கொடுத்தார். 2005 ஜூன் 1-ஆம் தேதி, 80 வயதில் மறைந்தார். இறுதிச் சடங்கின் செலவை ஏற்க முன்வந்தவர் ஷகீல் ஓ’நீல், பின்னாளின் இன்னொரு பெரிய சென்டர். ஒரு நெட்டையன் திறந்த வழியில்தான் அடுத்த நெட்டையன்கள் வந்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கதை முடிந்ததும் தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அந்த மெயர் தினமும் கூடவே நின்றாரா அண்ணா?

சுருக்கென்று இருந்தது. நான் இத்தனை வருடமும் என் கண்ணாடியையும் என் காலையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மைக்கனுக்கும் அதே கண்ணாடி, அதே கால். அவருக்கு இருந்து எனக்கு இல்லாமல் போனது, கூட நின்ற ஒருவர். இப்போது என் முன்னால் நிற்கும் பையனுக்கும் அதுதான் இல்லை. சனிக்கிழமை விசில் ஊதிவிட்டு வீட்டுக்குப் போகும் நான் மெயர் இல்லை.

சாக்கை அவிழ்த்து ஒரு பந்தை வெளியே எடுத்தேன். அன்று மாலை வலம் இடமாக அவன் இருபது முறை போட்டான், விழுந்தது ஏழு. இப்போது செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் வருகிறான். நானும் வருகிறேன். முந்தாநாள் இருபதுக்குப் பதிமூன்று. இடக்கை இன்னும் மக்கர் பண்ணுகிறது. கல்லூரித் தேர்வுக்குப் பேர் கொடுத்துவிட்டான். எடுப்பார்களா என்று தெரியாது. எடுக்காவிட்டாலும் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

தம்பி தங்கைகளே, உங்கள் உடம்பு எப்படி அமைந்ததோ அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நீங்கள் கயிற்றை எடுங்கள். இயக்கத்தில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கிளையில் யாராவது ஒரு பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வருவதை நிறுத்தியிருந்தால், இந்த வாரமே அவன் வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள்.