துறைமுக எழுத்தரின் மூன்று அறிக்கைகள்

வடசென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில், 1912-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி 24 வயது இளைஞர் ஒருவர் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பை முயன்று, கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று, பட்டமின்றி வேலை தேடி அலைந்தவர் அவர். பதினான்கே மாதங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் ஆய்வு மாணவர் ஆனார் சீனிவாச இராமானுஜன்.

நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களை அருளிய கதை நம் அனைவருக்கும் தெரியும். அந்தக் கதையின் ஒளியில் மங்கிப்போன இன்னொரு வரலாறு உண்டு. கண்டதை மற்றவருக்கு விளங்குமாறு எழுதவும் நிறுவவும் அவர் எப்படிக் கற்றார் என்பதே அது.

பள்ளிப் பருவத்தில் அவர் கைக்குக் கிடைத்த கார் என்பவரின் நூல், ஆயிரக்கணக்கான தேற்றங்களின் தொகுப்பு. நிறுவல்கள் அதில் மிகக் குறைவு. இராமானுஜனும் அந்த வழக்கத்தையே பின்பற்றினார். காகிதம் வாங்க வசதியில்லாததால் கணக்கைப் பலகையில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். வழி அழிந்தது; விடை நின்றது. 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியான அவருடைய முதல் கட்டுரை, தெளிவு வேண்டி ஆசிரியருக்கும் அவருக்கும் இடையே பலமுறை போய்வந்தது.

துறைமுகத்தில் அவருக்கு வாய்த்த மேலதிகாரி எஸ். நாராயண ஐயர், முன்பு திருச்சியில் கணிதம் கற்பித்தவர். இரவுகளில் இருவரும் பலகையுடன் உட்காருவார்கள். இராமானுஜனின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே பத்துப் படிகளாவது எழுதினால்தான் தம்மால் பின்தொடர முடியும் என்று ஐயர் வற்புறுத்தினார். இராமானுஜனுக்கு ஆய்வு முறையைக் கற்பித்த முதல் ஆசிரியர் என்று இந்தத் துறைமுக அதிகாரியைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்ட கடிதம் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குச் சென்றது. வியந்துபோன ஹார்டி, பதிலில் முதலில் கேட்டது நிறுவல்களைத்தான். அது வெறும் சம்பிரதாயக் கோரிக்கை அன்று. பகா எண்களின் பரவல் குறித்து இராமானுஜன் கண்டதாக நம்பிய சூத்திரம் பிழையானது. நிறுவ முயன்றிருந்தால் அவரே அதைக் கண்டுபிடித்திருப்பார்.

பிப்ரவரி இறுதியில் துறைமுகத்துக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், குறிப்பேடுகளைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். முதுகலைப் பட்டம் இல்லாதவருக்கு ஆய்வு உதவித்தொகை தர விதியில் இடமில்லை. ஆயினும் ஆட்சிக்குழு விதியைத் தளர்த்தியது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய். விதித்த நிபந்தனை, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வு முன்னேற்ற அறிக்கை தரவேண்டும் என்பது.

இன்று நம் ஆய்வு மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறை கட்டாயப் பாடம். அரையாண்டு அறிக்கை என்றாலே பலருக்கும் நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவம் என்ற நினைப்புதான் வருகிறது. இராமானுஜன் அதைப் படிவமாகக் கருதவில்லை. 1913 ஆகஸ்ட் 5, நவம்பர் 7, 1914 மார்ச் 9 ஆகிய தேதிகளில் அவர் அளித்த மூன்று அறிக்கைகளிலும் வரையறுத்த தொகையீடுகளை முறையாக ஆராய்ந்தார். ஒரு சார்பின் அடுக்குத் தொடரிலுள்ள கெழுக்களைக் கொண்டே ஒரு தொகையீட்டின் மதிப்பை நேராக அடையும் வழி, இன்று இராமானுஜனின் தலைமைத் தேற்றம் எனப்படுகிறது. அதை முதல் அறிக்கையிலேயே விளக்கி, நிறுவலும் தந்தார். அந்த நிறுவல் முழுமையானதன்று; தேற்றம் பொருந்துவதற்கான வரம்புகளைப் பின்னாளில் ஹார்டிதான் வகுத்தார். என்றாலும் வழியை அழித்து விடையை மட்டும் வைத்திருந்த கை, இப்போது வழியையும் எழுதத் தொடங்கியிருந்தது.

மூன்றாம் அறிக்கை தந்த எட்டாம் நாள், மார்ச் 17 அன்று, முன்பு தாம் பணிசெய்த அதே துறைமுகத்திலிருந்து நெவாசா கப்பலில் இங்கிலாந்து புறப்பட்டார். மிகு பகு எண்கள் குறித்த ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் 1916-இல் அவருக்குப் பட்டம் வழங்கியது. அதன்பின் ஹார்டியுடன் சேர்ந்து, ஓர் எண்ணை எத்தனை விதங்களில் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பதற்குச் சூத்திரம் கண்டார். 200 என்ற எண்ணுக்கு மாக்மேகன் கையால் கணக்கிட்டு வைத்திருந்த விடை 39,72,99,90,29,388. சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டியதும் அதே எண் வந்தது. உள்ளுணர்வு, நிறுவல், கணக்கீட்டுச் சரிபார்ப்பு ஆகிய மூன்றும் ஒரே ஆய்வில் கூடிய இடம் அது.

1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். மறு ஆண்டே நோயுடன் தாயகம் திரும்பினார். படுக்கையிலும் புதிய சார்புகளை ஆராய்ந்து ஹார்டிக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் மறைந்தபோது வயது 32.

துறைமுகத்தை அடுத்த இராயபுரத்தில், கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் உருவாக்கிய சிறு அருங்காட்சியகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பல்கலைக்கழகத்திடம் அவர் கொடுத்த மூன்று அறிக்கைகளின் மூலப்படிகள் தொலைந்துவிட்டன. 1925-இல் டி.ஏ. சடகோபன் என்பவர் கையால் எழுதிவைத்த படி ஒன்று இருந்ததால்தான், பல பத்தாண்டுகளுக்குப் பின் அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் அவற்றை ஆராய்ந்து வெளியிட முடிந்தது.