தவற்றை ஒப்புக்கொண்ட பேராசிரியர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

படித்தவர் தவறு செய்யமாட்டார் என்பது எங்கள் வீட்டாரின் நம்பிக்கை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே, தவறு செய்தால் அதை மறைப்பதே எனக்குப் பழக்கமாயிற்று. அப்பழக்கத்தை உலுக்கியது அமெரிக்கச் சூழலியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்டின் வாழ்க்கை.

அயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் 1887-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று, 1909-இல் வனத்துறை அலுவலராக அரிசோனா சென்றார். ஓநாய்கள் ஒழிந்தால் மான்கள் பெருகும் என்பது அந்நாளைய கருத்து. இளைஞர் லியோபோல்டும் அவ்வாறே எண்ணினார். ஒருநாள் தம் குழுவினருடன் சேர்ந்து ஒரு தாய் ஓநாயைச் சுட்டார். அதன் கண்களில் ஒளி அணைவதை அருகில் நின்று கண்டார். ஆயினும் கருத்து உடனே மாறிவிடவில்லை. ஓநாய்களையும் மலைச்சிங்கங்களையும் அடியோடு ஒழிக்க வேண்டுமென்று பின்னரும் பல ஆண்டுகள் வாதாடினார்.

காடு வேறு பாடம் சொல்லிற்று. அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் கொன்றுண்ணும் விலங்குகள் ஒழிக்கப்பட்டன, மான்கள் பெருகின, தளிர்களைத் தின்று தீர்த்தன, 1920-களில் பட்டினியால் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1936-இல் லியோபோல்டு மெக்சிகோ மலைகளுக்குச் சென்றார். அங்கே ஓநாய்களும் இருந்தன, மான்களும் இருந்தன, காடும் செழித்திருந்தது! காட்டைக் காப்பதில் ஓநாய்க்கும் பங்குண்டு என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

இதற்குள் அவர் பேராசிரியராகியிருந்தார். காட்டுயிர் மேலாண்மை பற்றிய அவரது பாடநூல் வெளியான 1933-ஆம் ஆண்டிலேயே, அத்துறைக்கென விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஓர் இருக்கையை ஏற்படுத்தி அவரை அமர்த்தியது. நாட்டிலேயே அத்தகைய முதல் இருக்கை அதுவே. பின்பு, 1943-இல் மாநில இயற்கைப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினரான அவர், அளவுமீறிய மான்களைக் குறைக்க வேண்டுமென்றார். மக்களின் சினத்துக்கு ஆளானார். அடுத்த ஆண்டு, ஓநாயைச் சுட்ட பழைய நிகழ்ச்சியைத் தம் அறியாமையாகவே எழுதி வைத்தார். மாணவர் போற்றும் பேராசிரியர், முப்பத்தைந்து ஆண்டுக்கு முந்தைய தம் பிழையைத் தாமே எழுதுவது எளிய செயலா?

அவர் கல்வி ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1935-இல், மிகை உழவால் சத்திழந்து மணலாகிப்போன பண்ணையொன்றை வாங்கினார். அங்கிருந்த கோழிக்கொட்டிலே குடிலாயிற்று. மனைவியும் ஐந்து மக்களும் உடனுழைக்க, ஆண்டுதோறும் பைன் கன்றுகளை ஆயிரக்கணக்கில் நட்டார். தொடக்கத்தில் நட்டவற்றுள் பெரும்பாலானவை வறட்சியில் கருகின. மீண்டும் நட்டார். எப்பூ என்று மலர்ந்தது, எப்பறவை என்று வந்தது என நாள்தோறும் குறித்து வைத்தார். அந்த மண்ணில் இன்று காடு நிற்கிறது.

1948 ஏப்ரல் 21 அன்று பக்கத்துப் பண்ணையில் புல் தீப்பற்றியது. அணைக்க ஓடியவர் மாரடைப்பால் மறைந்தார். வயது 61. ஓநாய் பற்றிய கட்டுரை அடங்கிய அவரது நூல் மறு ஆண்டு வெளிவந்து, உலகமெங்கும் இலட்சக்கணக்கானோர் கைகளைச் சென்றடைந்தது.

நண்பர்களே! சென்ற பருவத்தில் நம் கல்லூரித் திடலில் சதுரமிட்டுச் செடிவகைகளை எண்ணினோம். என் சதுரத்தில் நான்கு வகைகளே இருந்தன. மற்றவர்கள் ஏழு, எட்டு என்று எழுதியதைக் கண்டு, நானும் ஏழு என்று எழுதிக் கையொப்பம் பெற்றேன். அந்த நான்கே உண்மை. அங்கே ஏன் நான்குதான் முளைத்தன என்று கேட்டிருந்தால் நானும் ஒரு பாடம் கற்றிருப்பேன். அந்தப் பக்கத்தைத் திருத்தி ஆசிரியரிடம் காட்டிய பின்னரே இக்கட்டுரையை எழுத அமர்ந்தேன். படித்தவர் தவறே செய்யாதவர் அல்லர். கண்ட உண்மைக்குத் தலைவணங்கித் தம்மைத் திருத்திக்கொள்பவர். இதை என் வீட்டாருக்கும் சொல்ல வேண்டும்.