கிறிஸ்துமஸ் அட்டையைத் தொடங்கி வைத்த குமாஸ்தா



கடந்த டிசம்பரில் மூன்று சனிக்கிழமைகள் நம் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் அட்டை செய்ததை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பி பிளாக்கில் ஒரு வீட்டு மருமகள் தன் டை கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து வைத்திருந்தார். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கரும்புச்சாறு பிழியும் மெஷினைச் சுருக்கி மேசைமேல் வைத்த மாதிரி இருக்கும். நட்சத்திரம், மணி, இலை என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு மெல்லிய இரும்பு அச்சு. அச்சின் ஓரம் கத்தி போலக் கூர்மை. அதன்மேல் அட்டைத்தாளை வைத்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் தட்டு கொடுத்து, உருளைகளுக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், அந்தப் பக்கம் நட்சத்திரம் தனியாக வந்து விழும். சிவகாசியில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். பிளைவுட் பலகையில் கோடு வெட்டி, அதில் இரும்புத் தகட்டை வளைத்துச் செருகி அச்சு தயாரிப்பார்கள். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் ஓரம் வளைந்து நெளிந்து வருவதெல்லாம் அந்த வேலைதான்.

சும்மா வேடிக்கை பார்க்கப் போன என்னிடம், ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், தாத்தா, இதை முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தெரியவில்லை. நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்தபோது கிடைத்தவர் ஹென்றி கோல் என்ற லண்டன்காரர். என்னைப் போல அவரும் குமாஸ்தாவாக வேலையைத் தொடங்கியவர் என்றதும் எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. அவர் கதையைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் பாத் நகரில் 1808-இல் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி, ஆனால் வசதியான குடும்பம் இல்லை. லண்டனில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற அறக்கட்டளைப் பள்ளியில் படித்தார். கல்லூரிக்குப் போகவில்லை. 1823-இல், பதினைந்து வயதுகூட நிறையாத நிலையில், அரசின் பழைய ஆவணங்களைப் படியெடுக்கும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நூற்றாண்டுக் கணக்கான தோல் சுருள்களையும் காகிதக் கட்டுகளையும் பிரித்துப் படித்து நகல் எடுக்க வேண்டும்.

வங்கிக் கிளைகளில் பழைய வவுச்சர் கட்டுகள் அடுக்கிய அறைக்குள் போய் வந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். அங்கேயும் ஈரம், தூசி, எலி. மேலதிகாரிகள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தது கோலுக்குப் பொறுக்கவில்லை. சம்பளத் தகராறும் சேர்ந்துகொள்ள, அலுவலகச் செயலாளரோடு நேருக்கு நேர் மோதி, வேலையை இழந்தார். அப்போது அவருக்குக் கல்யாணமாகிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் ஒதுங்கிப் போகவில்லை. பத்திரிகைகளில் எழுதினார். 1836-இல் நாடாளுமன்றக் குழு இந்த விவகாரத்தை விசாரித்தது. ஆவணக் கட்டுக்குள் செத்துக் காய்ந்து கிடந்த ஓர் எலியே இந்த வழக்கில் சாட்சியானது. அதன் வயிற்றில் அரசு ஆவணத்தின் மென்ற துண்டுகள் இருந்தன! அந்த எலியை லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1838-இல் பொது ஆவணச் சட்டம் வந்தது. கோலும் உயர்ந்த பதவியோடு திரும்ப உள்ளே வந்தார். புகார் கொடுத்த குமாஸ்தா வேலையில் திரும்ப ஏறியதை நான் முப்பது வருட சர்வீஸில் பார்த்ததில்லை.

அடுத்து அவர் கை வைத்தது தபாலில். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதம் பெறுபவர்தான் கொடுக்க வேண்டும். அதுவும் தூரத்துக்கு ஒரு கணக்கு, தாளின் எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு. ஏழை வீட்டு வாசலில் கடிதம் வந்து நின்றால், பணம் இல்லாமல் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். நாடு முழுக்க ஒரே கட்டணம், அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னி, அதையும் அனுப்புபவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்பது ரோலண்ட் ஹில்லின் திட்டம். அதற்கு ஆதரவு திரட்டும் பத்திரிகையை கோல் நடத்தினார். கட்டணத்தை எப்படி வசூலிப்பது என்று அரசு போட்டி வைத்தபோது இரண்டாயிரத்துக்கும் மேல் யோசனைகள் வந்தன. பரிசு பெற்ற நால்வரில் கோலும் ஒருவர். பரிசு 100 பவுண்டு. 1840 ஜனவரியில் பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது, மே மாதம் உலகின் முதல் தபால்தலை வந்தது. அந்த நாட்களில் கோல் ஹில்லுக்கு உதவியாளராக இருந்தார்.

தபால் மலிவானதும் ஊரெல்லாம் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் வேண்டியவர்களுக்குக் கடிதம் எழுதுவது அங்கே வழக்கம். வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது மரியாதைக் குறைவு. ஆவணக் காப்பக வேலை, பத்திரிகைக் கட்டுரைகள், பிள்ளைகளுக்கான புத்தக வரிசை என்று கோலுக்கு ஏகப்பட்ட வேலை. யாருக்கெல்லாம் எழுதுவது? தபாலை மலிவாக்கப் பாடுபட்டவரே தபால் குவியலில் மாட்டிக்கொண்டார்.

1843-இல் அவர் கண்ட வழி இதுதான். ஜான் கால்கட் ஹார்ஸ்லி என்ற ஓவிய நண்பரிடம் ஒரு படம் வரையச் சொன்னார். அதைக் கல்லச்சில் ஆயிரம் பிரதி அச்சிட்டார்கள். நடுவில் மூன்று தலைமுறைக் குடும்பம் விருந்துக்கு உட்கார்ந்து, பார்க்கிறவரை நோக்கிக் கோப்பையை உயர்த்துகிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் சிறிய படங்கள். ஒன்றில் பசித்தவர்களுக்கு உணவு, இன்னொன்றில் உடுப்பு இல்லாதவர்களுக்கு உடுப்பு. சுற்றிலும் கொடி படர்ந்த பந்தல் போல ஓரம். கிறிஸ்துமஸ் வாழ்த்தும் புத்தாண்டு வாழ்த்தும் அச்சில் இருந்தன. மேலே பெறுநர் பெயருக்கும் கீழே அனுப்புநர் பெயருக்கும் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

கோடுகள் மட்டும்தான் அச்சு. வண்ணம் முழுக்கக் கையால் தீட்டியது. ஆயிரம் அட்டைக்கும் ஒவ்வொன்றாகத் தூரிகை பிடித்தார்கள். ஆகவே உலகின் முதல் கிறிஸ்துமஸ் அட்டையும் பாதி கைவேலைதான். நம் பிள்ளைகள் மெஷினில் வெட்டிக் கையால் ஒட்டியதற்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை.

கோல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை லண்டன் கடை ஒன்றில், ஃபெலிக்ஸ் சம்மர்லி என்ற தன் புனைபெயரில், ஒரு ஷில்லிங்குக்கு விற்கக் கொடுத்தார். வணிகவியல் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்னி. ஒரு பென்னியில் போய்ச் சேரும் தபாலுக்குள் 12 பென்னி அட்டை! சாதாரணக் கூலிக்காரர் வாங்க முடியாது. வியாபாரம் பெரிதாக ஓடவில்லை. போதாக்குறைக்கு, படத்தில் ஒரு சின்னக் குழந்தைக்கும் மதுக் கோப்பையைக் கொடுப்பது போல் வரைந்திருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அதே டிசம்பரில்தான் சார்லஸ் டிக்கன்ஸின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையும் புத்தகமாக வந்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பு இந்த அட்டைக்குக் கிடைக்கவில்லை.

அட்டை எல்லார் கைக்கும் போய்ச் சேர இன்னும் முப்பது வருடம் ஆனது. ஜெர்மனியில் வண்ணக் கல்லச்சு மலிவானது. பூ, தேவதை, பறவை, குழந்தை என்று வண்ணத்தில் அச்சிட்டு, புடைப்பு கொடுத்து, இரும்பு அச்சால் ஓரம் வெட்டித் தாள் தாளாக விற்றார்கள். உருவங்கள் உதிர்ந்துவிடாமல் நடுவே சின்னச் சின்னக் காகிதப் பாலங்கள் விட்டிருப்பார்கள். பாலத்தைக் கத்தரித்து உருவத்தை எடுத்து அட்டையில் ஒட்ட வேண்டியதுதான். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இவற்றை வாங்கித் தாங்களே அட்டை செய்தார்கள். டை கட் அட்டையின் மூதாதை அதுதான். 1870-இல் திறந்த அட்டைகளுக்கு அரை பென்னி போதும் என்று பிரிட்டிஷ் தபால்துறை கட்டணத்தைக் குறைத்ததும், அட்டை வெள்ளமாகிவிட்டது.

அந்தக் கட்டணக் கணக்கு நமக்குத் தெரியாததா என்ன? எனக்குச் சொந்த ஊர் பண்ணைப்புரம். ஊர் பெயரைச் சொன்னதும் எல்லாரும் இளையராஜாவைத்தான் கேட்பார்கள். எனக்கு நினைவுக்கு வருவது மார்கழி கடைசியில் கடைகளில் கயிறு கட்டித் தொங்கும் பொங்கல் வாழ்த்துகள். கரும்பு, பானை, மாடு, எம்.ஜி.ஆர்., சிவாஜி. கவரை ஒட்டாமல் மடித்துச் செருகி அனுப்பினால் தபால்தலை குறைவு. அதற்காகவே ஒட்ட மாட்டோம்.

கோலின் கதைக்கு வருகிறேன். அட்டை அவர் வாழ்க்கையில் ஒரு சின்ன வேலை. அவரை நாடறியச் செய்தது 1851-இன் மாபெரும் கண்காட்சி. லண்டன் ஹைட் பூங்காவில் கண்ணாடியும் இரும்பும் கொண்டு மாளிகை எழுப்பி, உலகப் பொருள்களையெல்லாம் வைத்தார்கள். நம் நாட்டுத் துணிமணிகளும் போயின, கோஹினூர் வைரமும் இருந்தது. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் தலைமை. ஓடியாடி நடத்தியவர்களில் முன்னால் நின்றவர் கோல். ஒரு ஷில்லிங் நுழைவுக் கட்டண நாட்களும் வைத்ததால் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். மொத்தம் 60 லட்சம் வருகைகள், சுமார் 1,86,000 பவுண்டு உபரி. அந்தப் பணத்தில் நிலம் வாங்கி எழுந்தவற்றில் ஒன்று, 1857-இல் திறந்த சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம். இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்கிறார்கள். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் எப்போது பார்ப்பார்கள் என்று யோசித்து, எரிவாயு விளக்கு போட்டு மாலையிலும் திறந்து வைத்தார் கோல். உள்ளேயே சாப்பாட்டுக்கும் இடம் ஏற்பாடு செய்தார்.

நல்லவர், எல்லாருக்கும் பிடித்தவர் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. பிடிவாதக்காரர். எது அழகு, எது அழகில்லை என்று ஊருக்கே சட்டம் போடப் பார்த்தார். தரைவிரிப்பில் நிஜம் போலப் பூ வரையக் கூடாது என்கிற மாதிரி விதிகள். டிக்கன்ஸ் தன் நாவல் ஒன்றில் இதைக் கிண்டல் செய்திருக்கிறார். அவருடைய நிர்வாகத்தில் உருவான ஓவியப் பாடத்திட்டம் படிப்படியாக நகல் எடுத்துப் பழகும் முறை. அதன் தாக்கம் நம் சென்னை ஓவியப் பள்ளி வரை வந்தது. அங்கே படித்த கொண்டையராஜு பிறகு கோவில்பட்டியில் தங்கி வரைந்த சாமி படங்கள்தான் சிவகாசியில் அச்சாகி, நம் வீடுகளில் காலண்டராகத் தொங்கின. இன்னொரு உறவும் உண்டு. கோலின் மகன் ஹென்றி ஹார்டி கோல் ராணுவப் பொறியாளர். 1880-களின் தொடக்கத்தில் இந்தியப் பழஞ்சின்னங்களின் காப்பாளராக இருந்து, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார்.

1873-இல் ஓய்வு, 1875-இல் சர் பட்டம். ஓய்வுக்குப் பிறகும் இசைப் பள்ளி, சமையல் பள்ளி என்று ஓயவில்லை. 1882-இல் காலமானார். பாதியில் நின்ற அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பிள்ளைகள் முடித்து 1884-இல் வெளியிட்டார்கள். ஆயிரம் அட்டைகளில் இன்று சுமார் இருபதுதான் மிச்சம். ஒன்று 2001-இல் ஏலத்தில் 22,500 பவுண்டுக்குப் போனது.

இதைப் படித்தபோது எனக்குள் உறுத்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் நான் வேலை பார்த்த கிளையில் ராயப்பன்பட்டிக்காரர் ஒருவர் என்னோடு கவுண்டரில் இருந்தார். இடமாற்றலாகிப் பிரிந்த பிறகும் ஒவ்வொரு டிசம்பரிலும் அவரிடமிருந்து ஓர் அட்டை வரும். பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டித் தாளில் பிளேடால் நட்சத்திரம் வெட்டி, பின்னால் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருப்பார். வெளிச்சத்தில் பிடித்தால் நட்சத்திரம் எரியும். நான் பதில் போட்டதில்லை. முதலில் வருடக் கணக்கு முடிக்கும் வேலை என்று சொல்லிக்கொண்டேன். பிறகு பொங்கலுக்குச் சேர்த்துப் போடலாம் என்று தள்ளினேன். அப்புறம் செல்போன் வந்தது, ஒரு படத்தை ஃபார்வர்டு செய்ததோடு சரி. ஒரு டிசம்பரில் அட்டை வரவில்லை. விசாரித்ததில், அவர் ஆகஸ்டிலேயே போய்விட்டார் என்றார்கள்.

கோலுக்கும் நேரம் இல்லை, எனக்கும் நேரம் இல்லை. அவர் ஆயிரம் அட்டை அச்சடித்து, பெயர் எழுதும் இடத்தையாவது காலியாக விட்டார்.

அந்த ஏழாம் வகுப்புப் பெண் இந்த டிசம்பரில் எனக்கும் ஓர் அட்டை கொடுத்தாள். மெஷினில் வந்தது பனி படிந்த மரம். கீழே அவளே பென்சிலால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையை வரைந்திருந்தாள். கொஞ்சம் கோணல். அன்று மாலையே மிஞ்சிய நட்சத்திரங்களில் ஒன்றை வாங்கி, ஒரு தாளில் ஒட்டி, ராயப்பன்பட்டி முகவரிக்கு, அவர் மனைவி பெயருக்கு அனுப்பினேன். பசை நிறைய வைத்துவிட்டேன், ஓரம் சுருங்கிவிட்டது. தை பிறந்து பத்து நாள் கழித்துப் பதில் வந்தது.

மீதி அட்டைத்தாளும் அச்சுகளும் சமுதாயக் கூடத்து இடது அலமாரியில் இருக்கின்றன. சாவி காவலாளி தம்பியிடம். அச்சின் ஓரம் கூர்மையானது, சின்னப் பிள்ளைகளைத் தனியாக விட வேண்டாம்.