செடி எப்போது பூக்கும்? இந்தக் கேள்வியால் சிறைக்குப் போன விஞ்ஞானி... யார் இந்த நிகோலாய் வாவிலோவ்?

ஒரு செடியின் குணம் விதையிலேயே இருக்கிறதா, இல்லை வளர்க்கும் விதத்தில் மாறிவிடுமா? கேட்பதற்குச் சாதாரண கேள்விதான். ஆனா சோவியத் யூனியனில் இதற்கு அரசு விரும்பாத பதிலைச் சொன்ன ஒரு விஞ்ஞானி, சிறையில் பட்டினி கிடந்து இறந்தார். அவர்தான் நிகோலாய் வாவிலோவ்.

விதைகளைத் தேடி ஒரு பயணம்

1887-ல் மாஸ்கோவில் ஒரு வியாபாரி வீட்டில் பிறந்தவர் வாவிலோவ். வசதியான குடும்பம். ஆனால் ரஷ்யாவைப் பஞ்சம் அடிக்கடி வாட்டிய காலம் அது. வேளாண்மை படித்து முடித்தவர் இங்கிலாந்து போய், மரபியல் துறைக்கே பெயர் வைத்த வில்லியம் பேட்சனிடம் ஆய்வு செய்தார்.

வறட்சியையும் குளிரையும் தாங்கும் குணம் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், ஏதோ ஒரு வயலில் ஏற்கெனவே இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, நம்ம பயிரோடு கலப்பினம் செய்தால் போதும். இதுதான் அவரது வழி.

ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, ஜப்பான், தென் அமெரிக்கா என்று சுற்றினார். 1940-க்குள் அவரது லெனின்கிராடு நிறுவனத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமான விதை மாதிரிகள் சேர்ந்தன. மனைவி எலேனா பாருலினாவும் விஞ்ஞானிதான். மசூர் பருப்புப் பயிர் பற்றி 1930-ல் தனி நூலே எழுதியவர்.

குளிருக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்?

குளிர் நாடுகளில் சில செடிகள் பனிக்காலத்துக்கு முன்பே முளைத்துவிடும். அப்பவே பூத்தா பனியில் எல்லாம் கருகிடும். அதனால் சில வாரங்கள் குளிர் பட்ட பிறகுதான் பூக்கவே தொடங்கும். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் தட்பப்பதனம். ஜெர்மனியின் குஸ்டாவ் காஸ்னர் 1918-லேயே தானியங்களில் இதை விளக்கியிருந்தார்.

1925-ல் அஜர்பைஜானின் கியாஞ்சா நகரில், குளிர்காலத்தில் பட்டாணி விதைத்துப் பார்க்கும் வேலையில் இறங்கினார் டிரோஃபிம் லைசென்கோ. விதைக்கும் காலம் மாறினால் பூக்கும் காலமும் மாறுவதைக் கவனித்தார். அடுத்து கோதுமைக்குப் போனார். ஈரப்படுத்திய விதையைக் குளிரில் வைத்து விதைத்தால் விளைச்சல் கூடும் என்றார்.

வாவிலோவ் முதலில் இதை வரவேற்றார். வெவ்வேறு காலத்தில் பூக்கும் ரகங்களை ஒரே நேரத்தில் பூக்க வைத்தால் கலப்பினம் செய்வது சுலபம் அல்லவா?

மோதல் எங்கே தொடங்கியது?

லைசென்கோ அதோடு நிற்கவில்லை. குளிரில் பழக்கினால் பயிரின் குணமே மாறி அடுத்த தலைமுறைக்கும் போகும், மரபணு என்பதெல்லாம் கட்டுக்கதை என்றார். புதிய ரகங்களைச் சீக்கிரமே தருவதாக வாக்குக் கொடுத்தார். உணவுப் பற்றாக்குறையில் தவித்த ஸ்டாலின் அரசுக்கு இது பிடித்துப்போனது. வாவிலோவின் வழிக்கோ பல ஆண்டுகள் தேவை.

வாவிலோவ் விட்டுக்கொடுக்கவில்லை. 1939-ல் எடின்பரோவில் நடந்த சர்வதேச மரபியல் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். ஆனால் போக அனுமதி கிடைக்கவில்லை. 1940 ஆகஸ்டில் மேற்கு உக்ரைனில் விதை சேகரித்துக்கொண்டிருந்தபோது கைதானார். 1941-ல் மரண தண்டனை. பிறகு அது 20 ஆண்டு சிறையாகக் குறைந்தது.

1943 ஜனவரி 26-ல் சரடோவ் சிறையில் பட்டினியால் உடல் நலிந்து இறந்தார். வயது 55. போரால் இடம்பெயர்ந்த மனைவியும் மகனும் அப்போது அதே ஊரில்தான் இருந்தார்கள். அவர் பக்கத்திலேயே சிறையில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அதே நேரத்தில் ஜெர்மன் படை முற்றுகையிட்ட லெனின்கிராடில், அவரது ஊழியர்கள் விதைக் கிடங்கைக் காத்தார்கள். நிலக்கடலை நிபுணர், நெல் நிபுணர் எனப் பலர் பசியால் இறந்தார்கள். காவல் காத்த விதையை யாரும் தின்னவில்லை.

கடைசியில் யார் சொன்னது சரி?

குளிர் செடியைப் பூக்க வைக்கும் என்பது உண்மை. ஆனா அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகாது. ஒவ்வொரு முறையும் விதைக்குப் புதிதாகக் குளிர் வேணும். குளிர் தேவையா இல்லையா என்பதை மரபணுதான் முடிவு செய்கிறது.

பட்டாணிக் குடும்பத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மெடிகாகோ என்ற தீவனச் செடியில், குளிர் பட்ட பிறகு எஃப்டிஏ1 என்ற மரபணு விழித்துப் பூக்கச் சொல்கிறது. லூபின் பயிரில், இதே வகை மரபணுவை இயக்கும் பகுதியில் ஒரு டிஎன்ஏ துண்டு காணாமல் போனதால், குளிர் இல்லாமலே பூக்கும் ரகம் உருவானது. 2017-ல் இது தெரியவந்தது. துருக்கியின் காட்டுக் கொண்டைக்கடலை குளிருக்குக் காத்திருக்கும். நாம் சாப்பிடும் ரகங்களில் பெரும்பாலானவை காத்திருப்பதில்லை.

1955-ல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று சோவியத் நீதிமன்றம் அறிவித்தது. இன்று அந்த நிறுவனத்துக்கு அவர் பெயர்தான். பருவநிலை மாறி, குளிர்காலம் குறைந்துவரும் இந்தக் காலத்தில் புதிய ரகம் தேடுபவர்கள், அவர் சொன்ன மாதிரியே பழைய விதைகளையும் காட்டுச் செடிகளையும்தான் தேடிப் போகிறார்கள்.