சன்னதுக்காகக் காத்திருந்த வக்கீல்: கோர்ட்டின் எல்லாப் படியையும் பார்த்த வ.உ.சி.

கோவைக்காரங்களுக்கு வ.உ.சி. என்றதும் முதல்ல ஞாபகம் வர்றது என்ன? வ.உ.சி. கிரவுண்டு, வ.உ.சி. பார்க். கொஞ்சம் தள்ளினால் மத்திய சிறை. அங்கே அவர் செக்கிழுத்தார் என்பது ஸ்கூல் புத்தகத்திலேயே வந்துவிடும். கப்பல் விட்டதும் தெரியும். ஆனா, அந்த மனுஷன் அடிப்படையில் ஒரு கிராமத்து வக்கீல் என்பதும், அந்தத் தொழிலைத் திரும்பப் பெறப் பல வருஷம் காத்திருந்தார் என்பதும் பலருக்குத் தெரியாது.

அவர் வாழ்க்கையைக் கோர்ட் வழியாகப் பார்த்தால், அந்தக் காலத்துச் சென்னை மாகாணத்தில் நீதி எப்படி நடந்தது என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும்.

முதல் படி: தாலுகா கோர்ட்

வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தது 1872 செப்டம்பர் 5, ஒட்டப்பிடாரத்தில். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். மகன் 1894-ல் பிளீடர் பரீட்சை பாஸ் செய்து, சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார்.

பிளீடர்னா இப்போதைய அட்வகேட் மாதிரி எல்லா கோர்ட்டுக்கும் போக முடியாது. மேலே லண்டனில் படித்த பாரிஸ்டர்கள், அதற்கடுத்து ஹைகோர்ட் வக்கீல்கள், அதற்கும் கீழே கிராமப்புற கோர்ட்டுகளை நம்பி இருந்த பிளீடர்கள். ஆனா சாமானிய ஜனம் போய் நின்றது இவர்களிடம்தான். வாதாட அனுமதி தரும் பத்திரத்துக்குப் பேர் சன்னது. அது இருந்தால்தான் சோறு.

ஒட்டப்பிடாரத்தில் இளம் வக்கீல் ஏழைகளுக்குக் காசு வாங்காமலே வாதாடினார். போலீஸோடு அடிக்கடி முட்டிக்கொண்டார். மகனுக்கு வம்பு வந்துவிடக் கூடாதே என்று பயந்த அப்பா, 1900-ல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். பெரிய வம்பே அங்கேதான் காத்திருந்தது!

கலெக்டரே மாஜிஸ்ட்ரேட்

1906-ல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி. பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் ஸ்ட்ரைக். அதில் கூலி உயர்வும் வாரவிடுமுறையும் கிடைத்தன. அரசாங்கம் உஷாரானது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. அந்தக் காலத்தில் ஜில்லா கலெக்டர்தான் ஜில்லா மாஜிஸ்ட்ரேட். வரி வசூலிப்பவர், போலீஸை ஏவுபவர், மாஜிஸ்ட்ரேட்டாக உட்காருபவர் எல்லாம் ஒரே ஆள். கீழே தாலுகாவிலும் இதே கதைதான். யாரை எதிர்த்துப் பேசினாரோ அவர்கள் முன்னாடியே போய் நிற்க வேண்டிய நிலை வ.உ.சி.க்கு. நன்னடத்தைக்கு ஜாமீன் எழுதிக் கொடுக்கச் சொன்னார் திருநெல்வேலி கலெக்டர் விஞ்ச். வ.உ.சி. மறுத்தார். 1908 மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

நிர்வாகமும் நீதியும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று காங்கிரஸ் தொடக்க காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. நாடு முழுக்க அது சட்டமாக வந்தது 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான். அது அமலுக்கு வந்தது 1974-ல். அவ்வளவு தாமதம்!

40 வருஷம்

வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனது. 1908 ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். 124-ஏ, ராஜ துரோகத்துக்கு 20 வருஷம். சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 வருஷம். வ.உ.சி.க்கு அப்போ வயசு 35. தீர்ப்பைக் கேட்டு அவர் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது. கடைசி வரை தெளியவே இல்லை.

அதே ஜூலை மாதம், அதே 124-ஏ பிரிவில் பாலகங்காதர திலகருக்கு பம்பாயில் 6 வருஷம் கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பின்ஹேயின் கணக்கு எவ்வளவு கொடூரம் என்று தெரியும். மேல்முறையீட்டில் சென்னை ஹைகோர்ட் வ.உ.சி.யின் தண்டனையை 6 வருஷமாகக் குறைத்தது.

கோவை ஜெயில்

தீர்ப்பு வந்த இரண்டாவது நாளே, ஜூலை 9-ல், கோவை மத்திய சிறைக்குள் வந்துவிட்டார். 1910 டிசம்பர் வரை இங்கேதான். மாடு இழுக்கும் செக்கை வக்கீல் இழுத்தார். கடும் வேலை, மோசமான சாப்பாடு, உடம்பு உருக்குலைந்தது. அந்தச் செக்கு சிறையில் நினைவுச்சின்னமாக இருக்கிறது. இதற்கு நடுவிலும் எழுத்தை விடவில்லை. ஜேம்ஸ் ஆலனின் ஆங்கிலப் புத்தகத்தை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கியது சிறைவாசத்தில்தான்.

அந்த நாட்களில் அவருக்குத் துணையாக நின்றவர்களில் ஒருவர் கோவை வக்கீல் சி.கே.சுப்பிரமணிய முதலியார். பின்னாளில் பெரியபுராணத்துக்கு மாபெரும் உரை எழுதினாரே, அவரேதான். ஒரு ராஜ துரோகக் கைதியிடம் நெருக்கம் காட்டுவது தொழிலுக்கே ஆபத்தாக முடியலாம். அவர் அதைப் பார்க்கவில்லை.

விடுதலைக்கு அப்புறம்தான் நிஜ தண்டனை

கோவையிலிருந்து கண்ணூர் சிறை. 1912 டிசம்பர் 24-ல் விடுதலை. வெளியே வந்தால் கப்பல் கம்பெனி இல்லை, சொத்து இல்லை. தண்டனை பெற்றவர் என்பதால் சன்னதும் போய்விட்டது. சிறை முடிந்தும் தண்டனை முடியவில்லை.

சென்னையில் குடியேறி, கடை வைத்துப் பார்த்தார். நூல்களைப் பதிப்பித்தார், தொழிலாளர் சங்கங்களில் உழைத்தார். 1920-களின் தொடக்கத்தில், எந்த ஊரில் கைதியாக இருந்தாரோ அதே கோவையில் குடும்பத்தோடு சில வருஷம் வாழ்ந்தார். தெரிந்த தொழில் ஒன்றுதான், ஆனா கோர்ட் வாசலை மிதிக்க முடியாது. மாதாமாதம் பணத்துக்குத் திண்டாட்டம்.

கடைசியில் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியை வ.உ.சி. எப்படிக் காட்டினார் தெரியுமா? தன் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்து எல்லாத்தையும் இழந்தவர், ஒரு வெள்ளைக்காரரின் பேரைத் தன் வீட்டில் தினமும் கூப்பிட வைத்தார். அவர் சண்டை ஆட்சியோடுதான், மனிதர்களோடு இல்லை.

திரும்பவும் கறுப்பு கோட்டு. இந்த முறை கோவில்பட்டி. பழைய வருமானம் வரவில்லை. பிறகு தூத்துக்குடிக்கே திரும்பி, 1936 நவம்பர் 18-ல் மறைந்தார். அவர் எழுதிய உயிலில் சொத்துப் பட்டியலோடு, கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கிகளும் இருந்தன. வக்கீல் அல்லவா, கடனைக்கூடக் கணக்காக எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அவரைச் சிறைக்கு அனுப்பிய 124-ஏ பிரிவு சுதந்திரத்துக்கு அப்புறமும் புத்தகத்தில் இருந்தது. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1-ல் பழைய தண்டனைச் சட்டமே போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதன் 152-வது பிரிவு, பழைய 124-ஏ வேறு உருவத்தில் திரும்பி வந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. செக்கிழுத்த வக்கீலின் வழக்கு முடிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. அது எழுப்பிய கேள்விக்கு மட்டும் இன்னும் தீர்ப்பு வரலை.